கோடை விருந்தாளிகள்

என்னையும் ஒரு பொருட்டாக மதித்து ஒரு முறை டெலிவிஷனில் பேட்டி கண்டார்கள். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. காலை ஆறு மணிக்கே வண்டி வந்துவிட்டது. முகத்தில் ஏதோ மாவைப் பூசினார்கள். சட்டைக்குள் ஒரு கம்பியை விட்டு மேலே இழுத்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி வெகு மரியாதையாகச் சிரித்து, "இளைய தலைமுறைக்கு நீங்கள் சொல்ல விரும்புவது என்ன?" என்று கேட்டாள். நான் கதை எழுதுகிறவன். இளைய தலைமுறைக்கென்று தனியாக மூட்டை கட்டி வைத்திருக்கும் சமாசாரம் எதுவும் என்னிடம் இல்லை. ஆகவே யோசித்தேன். நாலு விநாடிதான் யோசித்திருப்பேன். அதற்குள் அவள் முகத்தில் கலவரம் வந்துவிட்டது. காதுக்குள் யாரோ அவளை விரட்டியிருக்க வேண்டும். "ஒரு சிறு இடைவேளை" என்றாள். இடைவேளைக்குப் பிறகு என் நேரம் முடிந்துபோயிருந்தது. மொத்தம் ஏழு நிமிஷம். ஊரில் இருந்த அம்மா பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருந்தாய். ஆனால் பேசவே இல்லையேடா?" என்றாள்.

இந்த அவமானத்தை நான் மறந்துபோயிருப்பேன். மறக்க விடாமல் செய்தது ஹாலந்து தேசத்தில் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

என் அக்காள் மகன் உத்ரெக்ட் நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். 2017-ஆம் வருஷம் கோடையில், "மாமா, ஒரு மாதம் வந்து இருங்கள், எழுத நிறைய விஷயம் கிடைக்கும்" என்று டிக்கெட்டே அனுப்பிவிட்டான். போன பிறகுதான் தெரிந்தது, அவன் காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவான் என்று. அந்த ஊரில் ஜூலை மாதம் இருட்டுவது இரவு பத்து மணிக்கு! பகலெல்லாம் கால்வாய்க் கரையில் நடந்துவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். கீழ் வீட்டில் இருந்த அம்மாளுக்கு வயது எழுபத்தைந்து இருக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். நல்ல இங்கிலீஷ் பேசுவாள். நாலாம் நாள் எனக்குக் காப்பி கொடுத்தாள். ஆறாம் நாள் நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். பத்தாம் நாள், "ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு நீங்கள் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வாருங்கள். டெலிவிஷன் பார்க்கலாம்" என்றாள்.

ஏழு நிமிஷக்காரனான எனக்கு அதில் அவ்வளவு உற்சாகம் உண்டாகவில்லை. "எவ்வளவு நேரம் நடக்கும்?" என்று கேட்டேன்.

"மூன்று மணி நேரம்."

"சினிமாவா?"

"இல்லை. ஒருவர் பேசுவார். இன்னொருவர் கேட்பார்."

அக்காள் மகன் தமிழில் மெதுவாக, "தலைவலி என்று சொல்லிவிடலாமா மாமா?" என்றான். அந்த வயதில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த நிகழ்ச்சிக்குப் பெயர் 'ஸோமர்காஸ்தன்'. தமிழில் சொன்னால் கோடை விருந்தாளிகள். 1988-ஆம் வருஷம் தொடங்கியது. முதலில் நடத்தியவர் பீட்டர் வான் இங்கன். அதற்குப் பிறகு நடத்துகிறவர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நிகழ்ச்சியின் விதி மட்டும் மாறவில்லை. கோடையில் சில ஞாயிற்றுக்கிழமைகள்; ஒவ்வொரு ஞாயிறும் ஒரே ஒரு விருந்தாளி. எழுத்தாளரோ, விஞ்ஞானியோ, அரசியல்வாதியோ, நடிகரோ யாராகவும் இருக்கலாம். "ஒரு மாலைப் பொழுது முழுவதும் டெலிவிஷனை உங்கள் கையில் கொடுத்துவிட்டால் என்னவெல்லாம் போடுவீர்கள்?" என்று அவரைக் கேட்கிறார்கள். அவர் தம் வாழ்நாளில் பார்த்தவற்றிலிருந்து துண்டு துண்டாகத் தேர்ந்தெடுத்துக் கொண்டு வருகிறார். ஒரு பழைய சினிமாக் காட்சி, ஒரு பாட்டு, ஒரு பந்தாட்டம், ஒரு செய்திப் படம், சின்ன வயதில் பார்த்த ஒரு கேலி நாடகம் என்று எது வேண்டுமானாலும். ஒரு துண்டு ஓடும். அதைப் பற்றிப் பேச்சு. பிறகு அடுத்த துண்டு. எல்லாம் நேரடி ஒளிபரப்பு. வெட்டி ஒட்டுவதற்கு இடமில்லை. பேச்சு முடிந்த பிறகு, விருந்தாளி தேர்ந்தெடுத்த முழு நீளப் படம் ஒன்றும் உண்டு.

இந்த விதியில் உள்ள சாமர்த்தியத்தைக் கதை எழுதுகிறவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். 'உன்னைப் பற்றிச் சொல்' என்றால் மனிதன் விறைத்துக்கொள்கிறான். கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல் நிற்கிறான். 'நீ பார்த்து அழுததைக் காட்டு' என்றால் அவன் கவனமெல்லாம் அந்தக் காட்சியின் மேல் போய்விடுகிறது. காட்சியை நமக்கு விளக்கப் புறப்பட்டு, தன்னையே அவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போகிறான். நமது ஊரில் பெண் பார்க்கப் போகும் பெரியவர்கள் கேள்வி கேட்பதைவிட வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களை நோட்டம் விடுவார்களே, ஏறக்குறைய அந்த வித்தைதான்.

இவ்வளவு பொறுமை ஒரு சின்ன தேசத்துக்கு எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஒல்லாந்தர் நமக்கு அறியாதவர்கள் அல்லர். பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டவர்கள். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை வைத்திருந்தவர்கள். நாம் இன்றைக்கும் சொல்லும் 'துட்டு' அவர்களுடைய 'டொய்ட்' என்ற செப்புக் காசிலிருந்து வந்தது என்பார்கள். 'கக்கூஸ்' என்பது சந்தேகமே இல்லாமல் அவர்கள் சொல். வியாபாரத்தில் நிமிஷக் கணக்குப் பார்க்கும் ஜாதி. அவர்களா மூன்று மணி நேரம் ஒரு மனிதன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

கீழ் வீட்டு அம்மாள் இந்தக் கேள்விக்குத் தன் குழந்தைப் பருவத்திலிருந்து பதில் சொன்னாள். அவள் தெற்கே பிரபாண்ட் பிரதேசத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். "எங்களுக்கு ரொட்டிக்காரர் கத்தோலிக்கர், பள்ளிக்கூடம் கத்தோலிக்கம், பத்திரிகை கத்தோலிக்கம், பந்தாட்டக் குழு கத்தோலிக்கம். ஆடு கூடக் கத்தோலிக்க ஆடுதான்" என்றாள். கடைசியில் சொன்னது வேடிக்கைக்காக. மற்றதெல்லாம் உண்மை. அந்தத் தேசத்து ஜனங்கள் நெடுங்காலம் நாலைந்து தனித்தனித் தூண்களாக நின்றார்கள். 'தூண்' என்றே அதற்குப் பெயர். கத்தோலிக்கருக்கு ஒரு தூண், புராட்டஸ்டண்டுகளுக்கு ஒன்று, சோஷலிஸ்டுகளுக்கு ஒன்று, இந்த மூன்றிலும் சேராதவர்களுக்கு ஒன்று. ஒரே தெருவில் குடியிருந்தாலும் ஒரு தூணைச் சேர்ந்தவன் அடுத்த தூணில் என்ன நடக்கிறது என்று அறியாமலே செத்துப்போகலாம்.

1920-களில் ரேடியோ வந்தபோது அதையும் இப்படியே பங்கு போட்டுக்கொண்டார்கள். நமக்குத் தெரிந்த மாதிரி சர்க்கார் ரேடியோ ஒன்று என்பது அங்கே கிடையாது. ஒவ்வொரு தூணுக்கும் ஒரு ஒலிபரப்புச் சங்கம்: புராட்டஸ்டண்டுகளின் என்.சி.ஆர்.வி., கத்தோலிக்கரின் கே.ஆர்.ஓ., தொழிலாளர் கட்சிக்காரர்களின் வாரா, எந்தப் பக்கமும் சேராத ஆவ்ரோ. ஐந்தாவதாக 1926-இல் வந்தது வி.பி.ஆர்.ஓ. புராட்டஸ்டண்டுகளிலேயே கொஞ்சம் தாராள மனப்பான்மை கொண்ட பாதிரிமார்கள் தொடங்கியது. உள்ளதில் மிகச் சின்னச் சங்கம். வாரத்தில் கிடைத்த நேரமும் சொற்பம். ஜனங்கள் சந்தா கட்டி இந்தச் சங்கங்களில் உறுப்பினர் ஆவார்கள்.

1954-ஆம் வருஷத்தில் டச்சுப் பிஷப்புகள் எல்லோரும் சேர்ந்து ஒரு சாசனம் வெளியிட்டார்கள். கத்தோலிக்கர்கள் சோஷலிஸ்ட் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது. வாரா ரேடியோவை வழக்கமாகக் கேட்கவும் கூடாது என்று. கீழ் வீட்டு அம்மாளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் தகப்பனாருக்கு வாராவில் வரும் ஒரு பாட்டு நிகழ்ச்சியில் பிரியம் உண்டாம். "சாசனம் வந்த பிறகு அப்பா ரேடியோவைக் கைவிடவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேட்டார்" என்று சொல்லிவிட்டு ஓசையில்லாமல் சிரித்தாள்.

ஜன்னலைச் சாத்தினாலும் தூண்கள் ஆடத் தொடங்கிவிட்டன. காரணம் டெலிவிஷன். 1951 அக்டோபர் 2-ஆம் தேதி பஸ்ஸம் என்ற ஊரில் முதல் ஒளிபரப்பு நடந்தது. பழைய மாதாகோயில் கட்டடம் ஒன்றையே ஸ்டூடியோ ஆக்கியிருந்தார்கள். இதை நான் கதையில் எழுதியிருந்தால், 'இவ்வளவு வெளிப்படையாகக் குறியீடு வைக்கிறானே' என்று விமரிசகர்கள் திட்டியிருப்பார்கள். சரித்திரத்துக்கு அந்தப் பயம் இல்லை. ரேடியோவிலாவது முள்ளைத் திருப்பிவிடலாம். டெலிவிஷனில் 1964 வரை இருந்தது ஒரே அலைவரிசை. ஒரு நாள் மாலை கத்தோலிக்கருடையது, மறு நாள் சோஷலிஸ்டுகளுடையது. பெட்டியைப் பணம் கொடுத்து வாங்கியவன் 'இன்று நம்முடைய நாள் இல்லை' என்று அணைத்து வைப்பானா? எல்லாவற்றையும் பார்த்தான். பார்த்தபோது அடுத்த தூண்காரனுக்கும் இரண்டு கண், ஒரு மூக்கு என்று தெரிந்துபோயிற்று.

அறுபதுகள் முழுவதும் இந்தக் கலகலப்புத்தான். 1964-இல் வடகடலில் தூண் நட்டு ஒரு செயற்கைத் தீவு கட்டி, யாரையும் கேளாமல் அங்கிருந்து டெலிவிஷன் நடத்தினார்கள். அரசாங்கம் அந்த வருஷ டிசம்பரிலேயே அதை நிறுத்தியது. ஆனால் ஒலிபரப்பை யார் கையில் கொடுப்பது என்ற தகராற்றில் மறு வருஷம் பிப்ரவரியில் மந்திரிசபையே கவிழ்ந்தது! பாதிரிமார் தொடங்கிய வி.பி.ஆர்.ஓ. இளைஞர்கள் கைக்கு வந்தது. 1967-இல் அதன் 'ஹூப்லா' நிகழ்ச்சியில் ஒரு பெண் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். பத்திரிகையைத் தாழ்த்தியபோது அவள் உடம்பில் ஒரு நூல் கூட இல்லை. படித்த பத்திரிகை புராட்டஸ்டண்டுகளின் தினசரி. பார்லிமெண்டில் கேள்வி கேட்டார்கள். கொஞ்ச நாளில் அந்தச் சங்கம் தன் பெயரிலிருந்த புள்ளிகளையும் எடுத்தெறிந்தது. எழுத்துக்கள் இனி எதற்கும் சுருக்கம் அல்ல என்று அர்த்தம். நானும் இனிமேல் புள்ளியில்லாமல் விபிஆர்ஓ என்றே எழுதுகிறேன்.

இந்த நிர்வாணக் கூத்தெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. சின்னப் பையன் வீட்டை எதிர்த்துக்கொண்டு செய்யும் குறும்பு அது. பெரிதாகத் தோன்றுவது அதற்கப்புறம் நடந்ததுதான். கடவுளைப் பற்றிப் பிரசங்கம் செய்யத் தொடங்கிய சங்கம் கடவுளை விட்டுவிட்டது. பிரசங்கத்துக்கு வைத்திருந்த நேரத்தை மட்டும் விடவில்லை. அந்த நேரத்தில் மனிதர்களைப் பேச வைத்தது. பாவசங்கீர்த்தனக் கூண்டு காலியானதும் அங்கிருந்த இரண்டு நாற்காலிகளை ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று நான் சொன்னேன். கீழ் வீட்டு அம்மாள் சிறிது யோசித்து, "கூண்டில் நாங்கள் முழங்காலிட்டோம், ஒரு நாற்காலிதான் இருந்தது" என்று திருத்தினாள். வாத்தியாரம்மாள் அல்லவா!

ஊறப் போட்டு எடுத்ததுபோல் இந்தப் பேச்சுக் கலை எண்பதுகளில் பதத்துக்கு வந்தது. 1983 முதல் 1992 வரை ஆட்ரியான் வான் டிஸ் என்பவர் புஸ்தகங்களைப் பற்றி எழுத்தாளர்களோடு பேசினார். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தில் பிறந்தவர். பிறகு தாமே பெரிய நாவலாசிரியர் ஆனார்; அந்தத் தீவுகளின் நினைவு படிந்த அவருடைய நாவல் 1994-இல் வந்தது. ரேடியோவிலும் விபிஆர்ஓ சும்மா இருக்கவில்லை. மாரத்தான் பேட்டி என்று ஒன்று. ஆரம்பத்தில் ஐந்து மணி நேரம் ஒரே ஆளோடு பேசுவார்களாம். ஐந்து மணி நேரத்தில் நமது ஊரில் ஒரு கல்யாணமே முடிந்துவிடும்.

ஆனால் என்னைத் தூங்க விடாமல் அடித்தவர் விம் கைஸர். அவருடைய நிகழ்ச்சிகளை அந்த ஒரு மாதத்தில் அக்காள் மகனுடைய கம்ப்யூட்டரில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன். டச்சு தெரியாத நான் எப்படிப் பார்த்தேன் என்றால், அதற்கும் அந்தத் தேசத்தின் வழக்கமே காரணம். ஜெர்மனியில் எல்லாவற்றுக்கும் தங்கள் பாஷையில் குரல் மாற்றிவிடுவார்கள். டச்சுக்காரர் அப்படிச் செய்வதில்லை. பேசுகிறவர் தம் பாஷையிலேயே பேசுவார். கீழே டச்சில் எழுத்து ஓடும். கைஸரும் பெரும்பாலும் இங்கிலீஷிலேயே பேட்டி கண்டார்.

1993-இல் அவர் செய்த தொடருக்கு 'ஓர் அற்புத விபத்து' என்று பெயர். மனிதன் இந்தப் பூமியில் தோன்றியதைத்தான் அப்படிச் சொல்கிறார். ஆறு பேர்: மூளை வைத்தியர் ஆலிவர் சாக்ஸ், பழம் உயிர்களை ஆராய்ந்த ஸ்டீபன் ஜே கூல்ட், தத்துவவாதிகள் டேனியல் டென்னட்டும் ஸ்டீபன் டூல்மினும், பௌதிக விஞ்ஞானி ஃபிரீமன் டைசன், உயிரியல் படித்த ரூபர்ட் ஷெல்ட்ரேக். முதலில் ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பேசினார். கடைசியில் ஆறு பேரையும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வைத்து மணிக்கணக்கில் பேச விட்டார். கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்ட எனக்கு அதில் பாதி புரியவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் அந்த மேஜையில் ஒரு நாடகம் இருந்தது.

ஷெல்ட்ரேக்கைப் பற்றி நமக்குச் சொந்தம் கொண்டாட ஒரு விஷயம் உண்டு. அவர் ஹைதராபாத்தில் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். பிறகு நமது குளித்தலைக்குப் பக்கத்தில், காவேரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமத்தில் பீட் கிரிஃபித்ஸ் என்ற துறவியோடு தங்கி ஒரு புஸ்தகம் எழுதினார். இயற்கைக்கும் ஞாபக சக்தி உண்டு, ஓர் உயிர் கற்றது அதன் இனத்துக்கே பழக்கமாகிறது என்பது போன்ற வாதம். 1981-இல் புஸ்தகம் வெளிவந்ததும் 'நேச்சர்' என்ற பெரிய விஞ்ஞானப் பத்திரிகை, இது எரிக்கத் தகுந்த புஸ்தகமா என்று தலைப்புப் போட்டுத் தலையங்கம் எழுதியது. அப்பேர்ப்பட்டவரைத்தான் கைஸர் மற்ற ஐந்து பேருக்கும் நடுவே கொண்டு வந்து உட்கார வைத்தார். ஷெல்ட்ரேக்கின் வாதம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அது காவேரிக் காற்றில் பிறந்த கனவாகவே படுகிறது. ஆனால் எரிக்கலாமா என்று கேட்கப்பட்ட புஸ்தகத்தின் ஆசிரியரும் எரிக்காதவர்களும் ஒரே ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்துக்கொண்டு பேசினார்களே, அந்தக் காட்சிக்காக ஒரு தேசம் ஒரு மாலைப் பொழுதைக் கொடுத்தது. அந்த ஆறு பேரில் கூல்ட் 2002-இலும், டூல்மின் 2009-இலும், சாக்ஸ் 2015-இலும், டைசன் 2020-இலும், டென்னட் 2024-இலும் காலமாகிவிட்டார்கள். இப்போது அந்த மேஜையை நினைத்தால் ஷெல்ட்ரேக் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்.

2000-ஆம் வருஷத்தில் கைஸர் 'அழகும் ஆறுதலும்' பற்றி இன்னொரு தொடர் செய்தார். ஸ்டைனர், சோயிங்கா, கூட்ஸே, மார்த்தா நுஸ்பாம், ஜேன் குடால் என்று இருபதுக்கும் மேற்பட்டவர்களிடம் போய், இந்த வாழ்க்கையை வாழத் தகுந்ததாக்குவது எது என்று ஒரே கேள்வியைக் கேட்டார். என் அபிப்பிராயத்தில் கைஸருக்கு ஒரு குறை உண்டு: சோகத்தைக் கொஞ்சம் அதிகமாக விரும்புகிறார். சில இடங்களில் அவருடைய கேள்வி பதிலைவிட நீளம். ஆனால் அவருக்குப் பதில் சொல்கிறவர் யோசிப்பதற்காக நிறுத்தினால், இவரும் நிறுத்திவிடுகிறார். ஜன்னலுக்கு வெளியே மரம் அசைகிறது. யாரும் இடைவேளை விடுவதில்லை. என் நாலு விநாடியை நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, அந்தப் பேச்சுக்கு ஒரு சமயம் கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும்.

2004 ஆகஸ்டு 29-ஆம் தேதி கோடை விருந்தாளியாக வந்தவர் அயான் ஹிர்ஸி அலி. சோமாலியாவில் பிறந்து அகதியாக வந்து டச்சுப் பார்லிமெண்டில் உறுப்பினர் ஆனவர். அன்று நிகழ்ச்சியை நடத்தியவர் யோஸ்ட் ஸ்வாகர்மன் என்ற எழுத்தாளர். விருந்தாளி கொண்டு வந்த துண்டுகளில் ஒன்று அவரே எழுதி, தேயோ வான் கோ என்ற டைரக்டர் எடுத்த சிறு படம். சுமார் பதினோரு நிமிஷம். முஸ்லிம் குடும்பங்களில் பெண்கள் படும் துன்பத்தைச் சொல்வதாக எடுத்தது. பெண்ணின் உடம்பில் குர்ஆன் வசனங்களை எழுதிக் காட்டியது. அந்த மதத்தைச் சேர்ந்த பலருக்கு அது ஆறாத புண்ணாக இருந்தது. நவம்பர் 2-ஆம் தேதி காலையில் வான் கோ ஆம்ஸ்டர்டாமில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, அதே ஊரில் பிறந்து வளர்ந்த இருபத்தாறு வயது இளைஞன் ஒருவன் அவரைத் தெருவிலேயே சுட்டும் கத்தியால் அறுத்தும் கொன்றான். ஹிர்ஸி அலியை மிரட்டும் கடிதம் ஒன்றைக் கத்தியால் பிணத்தின் மேல் குத்தி வைத்துவிட்டுப் போனான். ஆயுள் தண்டனை பெற்றான்.

செத்தவர் ஓவியர் வான் கோவுடைய தம்பியின் கொள்ளுப் பேரன். அவரும் பேட்டி காண்பவர்தான். 'இனிமையான ஒரு சம்பாஷணை' என்று தம் நிகழ்ச்சிக்குப் பெயர் வைத்திருந்தார். பெயரில்தான் இனிமை, ஆள் யாரையும் மட்டுமரியாதை இல்லாமல் திட்டக்கூடியவர், முஸ்லிம்களையும் யூதர்களையும் சேர்த்து.

"அன்றைக்கு நீங்கள் பார்த்தீர்களா?" என்று கீழ் வீட்டு அம்மாளைக் கேட்டேன்.

"பார்த்தேன். படம் நன்றாக இல்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அடுத்த துண்டு வந்தது. அவ்வளவுதான் நினைத்தேன்" என்றாள். வெகு நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்பா ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேட்டது ஞாபகம் வந்தது, பின்னால்" என்றாள்.

விருந்தாளி கொண்டு வருவதைக் காட்டுவது என்ற விதிதான் அந்த நிகழ்ச்சியின் உயிர். அந்த விதியே அன்று ஒரு தீக்குச்சியையும் உள்ளே விட்டது. காட்டியிருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொலைகாரனுக்கு நான் எதற்காக நியாயம் தேட வேண்டும்? ஆனால் தூண்களை இடித்துவிட்டோம் என்று அந்தத் தேசம் நினைத்துக்கொண்டிருந்தபோது, சந்தடியில்லாமல் புதிய தூண் ஒன்று எழும்பியிருந்தது. அதில் இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவு இந்த நாற்காலியில் எத்தனை தடவை உட்கார்ந்து தங்களுக்குப் பிடித்த பாட்டைப் போட்டுக் காட்டினார்கள் என்று நான் கேட்டபோது அந்த அம்மாள் விரல் விட்டு எண்ணப் பார்த்தாள். ஒரு கையைத் தாண்டவில்லை.

இனி என்னுடைய ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

தேதி 2017 ஜூலை 30. அந்தக் கோடையின் முதல் விருந்தாளி ஆம்ஸ்டர்டாம் நகரத்து மேயர் எபர்ஹார்ட் வான் டெர் லான். எதிரே யானீன் அப்ரிங் என்ற பெண்மணி. அவள் இந்த நிகழ்ச்சியை நடத்துவது அன்றுதான் முதல் தடவை. மேயருக்கு நுரையீரலில் புற்றுநோய்; பரவிவிட்டது. அதை அந்த வருஷம் ஜனவரியிலேயே அவர் ஊருக்குச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாள் இதையெல்லாம் காப்பியோடு சேர்த்து எனக்குச் சொல்லி முடிப்பதற்கும் நிகழ்ச்சி தொடங்குவதற்கும் சரியாக இருந்தது.

ஒரு மேஜை, இரண்டு பேர், வெளியே இன்னும் வெயில். முதல் ஒரு மணி நேரம் அம்மாள் எனக்கு விடாமல் மொழிபெயர்த்தாள். அக்காள் மகனும் அவனுக்குத் தெரிந்த அரைகுறை டச்சைக் கொண்டு உதவி செய்தான். துண்டுகள் ஓடின. மேயர் சிரித்தார், வாதாடினார், வக்கீலாக இருந்தவர் என்பது கை அசைவிலேயே தெரிந்தது. மெல்ல மெல்ல அம்மாளுடைய வாக்கியங்கள் குறைந்தன. ஒன்பதரை மணிக்கு மேல் அறையில் வெளிச்சம் மங்கியது. அவள் விளக்குப் போட எழுந்திருக்கவில்லை. ஒரு கட்டத்தில் மொழிபெயர்ப்பு நின்றே போயிற்று. நான் அக்காள் மகனைப் பார்த்தேன். அவனும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைவலி சொல்லலாமா என்று கேட்டவன்!

எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. சாகப் போகிற ஒரு மனிதர் பேசுவதை, அவர் சாகப் போகிறார் என்று தெரிந்த ஒருத்தி கேட்பதை, அதை அறிந்த ஒரு தேசம் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் தகப்பனார் அதற்கு முந்திய வருஷம் காலமானார். அதே வியாதி, இடம் மட்டும் வேறே. வைத்தியர் எங்களைத் தனியாக அழைத்துச் சொன்னார். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். 'வயிற்றில் புண்' என்று சொன்னோம். ஐந்து மாதம் அந்தப் பொய்யை வீடு முழுவதும் மிகுந்த அன்போடு காப்பாற்றியது. அவரும் புண் ஆறிவருகிறதா என்று எங்களைக் கேட்டார். நாங்களும் ஆறிவருகிறது என்றோம். அவர் நாற்பது வருஷம் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். எந்த உறைக்குள் என்ன சமாசாரம் இருக்கும் என்று கையில் வாங்கும்போதே சொல்லிவிடுவார். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எங்களுக்காக அவரும், அவருக்காக நாங்களும் நடித்துக்கொண்டு, பேசியிருக்கக்கூடிய ஐந்து மாதத்தையும் தீர்த்துவிட்டோம். அவருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டால் ஒன்றிரண்டு சொல்வேன். ஏன் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

நிகழ்ச்சி முடிந்தபோது பதினொரு மணி தாண்டியிருந்தது. அம்மாள் விளக்கைப் போட்டாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, "மன்னிக்க வேண்டும், நடுவில் உங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்" என்றாள். பரவாயில்லை என்றோம். மாடிப்படி ஏறும்போது அக்காள் மகன், "தாத்தாவிடம் நாம் சொல்லியிருக்கலாமா மாமா?" என்று கேட்டான். நான் சாவியைத் தேடுவதுபோல் பாவனை செய்தேன்.

மறு நாள் காலைப் பத்திரிகைகளில் முந்தின இரவுப் பேச்சைப் பற்றி எழுதியிருந்தார்கள். இதுவும் அந்த ஊர் வழக்கம். நாம் கிரிக்கெட்டுக்குச் செய்வதுபோல. இப்படியெல்லாம் என்றைக்கும் நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. 1989-இலேயே விளம்பர டெலிவிஷன் வந்துவிட்டது. உரிமக் கட்டணம் 2000-இல் எடுக்கப்பட்டு, பொது வரியிலிருந்து பணம் கொடுக்கிறார்கள். சர்க்கார் பணம் என்றால் சர்க்காருக்குக் கோபம் வரும்போது குறையும். 2024-இல் அமைந்த கூட்டணி அரசு, பொது ஒளிபரப்பின் பணத்தில் ஆண்டுக்குப் பத்துக் கோடி யூரோ வெட்டுவதென்று முடிவு செய்தது. அக்காள் மகன் இப்போது வரி கட்டுகிறவன். அவனே இதைப் பற்றி என்னிடம் டெலிபோனில் ஆத்திரப்படுகிறான்.

மேயர் அந்த வருஷம் செப்டம்பர் 18-ஆம் தேதி, இனி முடியாது என்று நகர மக்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு வேலையிலிருந்து ஒதுங்கினார். ஊரையும் ஒருவரையொருவரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளும்படி அதில் கேட்டுக்கொண்டிருந்தார். ஜனங்கள் கால்வாய்க் கரையில் அவருடைய வீட்டு வாசலில் கூடி நின்று கை தட்டினார்கள். அக்டோபர் 5-ஆம் தேதி இறந்துபோனார்.

அன்று நான் ஊரில் இருந்தேன். இரவு அக்காள் மகன் கூப்பிட்டுச் செய்தி சொன்னான். பிறகு, "கீழ் வீட்டு அம்மாள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள் மாமா. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பகுதி அவளுக்கு முழுக்க ஞாபகம் இருக்கிறதாம். இப்போது உங்களுக்குச் சொல்லட்டுமா என்று கேட்கிறாள்" என்றான்.

பக்கத்து அறையில் அம்மா இன்னும் தூங்கவில்லை. "கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு, போய் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.